கொழுக்கட்டைக் கடையின் கடைசி வரி

இராஜசிகரம் காபி கம்பெனியின் சின்னம், கிரீடம் வைத்த ஒரு மலை. மலை என்றால் உயர்வு, கிரீடம் என்றால் தரம், பின்னால் விரிகிற மஞ்சள் கதிர்கள் என்றால் எதிர்காலம் என்று சென்னையில் இருந்த தலைமை அலுவலகம் முடிவு செய்திருந்தது. ஆரணிக்கு அது கொழுக்கட்டையாகத் தெரிந்தது. கிரீடம், கொழுக்கட்டையின் மேலே பிடித்துவிட்ட நுனி. கதிர்கள், ஆவி. ஆவி பறக்கும் கொழுக்கட்டையைச் சுவரில் வரைந்து வைத்துக்கொண்டு எதற்குக் காபித்தூள் விற்கிறார்கள் என்று ஊர் கொஞ்ச நாள் யோசித்தது. பிறகு யோசிப்பதை விட்டுவிட்டுத் தூள் வாங்கத் தொடங்கியது.

கடைக்குக் கொழுக்கட்டைக் கடை என்று பெயராயிற்று. கடைக்கு எதிரே பஸ் நிற்கிற இடம் கொழுக்கட்டை ஸ்டாப் ஆயிற்று. கண்ணமங்கலத்திலிருந்து வருகிற பஸ்ஸில் கண்டக்டர் "கொழுக்கட்டைலாம் எறங்கு" என்று குரல் கொடுத்தால் பட்டு வியாபாரிகள், ரைஸ் மில் முதலாளிகள், ஒரு தடவை ஒரு மாஜிஸ்திரேட்கூட, மறுபேச்சு இல்லாமல் இறங்கினார்கள். இராஜசிகரம் என்ற சொல்லை முழுதாக உச்சரித்தவர்கள் ஊரில் இருந்ததாகத் தெரியவில்லை. காபி குடிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லச் சோம்பல். குடித்த பிறகு அவசியம் இல்லை.

கடையை நடத்தியவர் பெயர் ப. ஜெகநாதன். இதை இங்கேயே சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் கொழுக்கட்டைக்காரர். கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறவர்கள் உறையின் மேல் 'உயர்திரு கொழுக்கட்டைக் கடை ஐயா அவர்கள்' என்று மரியாதையாகவே எழுதினார்கள். அவருக்குச் சொந்த ஊர் போளூர். அங்கே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஓர் அக்காள் இருந்தாள். அவள் போன பிறகு அவருக்குப் போளூரில் வேலை இல்லை. பிள்ளைகளும் இல்லை.

மனைவி ராஜம்மாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. ஆனால் அதற்குக் காரணம் வேறு. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பியவள் அவள். ஓர் எழுத்தைக்கூட அவள் வீணாக்கத் தயாராக இல்லை. 'ஜெ'யில் ஆரம்பிக்கிற எதையுமே சொல்லமாட்டாள். காந்தி ஜெயந்தியை 'அந்த லீவு நாளு' என்பாள். பக்கத்துத் தெரு ஜெயத்தை 'அந்த ஒசரமான பொண்ணு' என்பாள். ஜெயம் ஒன்றும் உயரமில்லை.

கடையில் அரவை மிஷின் ராஜம்மாள் கையில் இருந்தது. வறுத்த கொட்டையை மேலே கொட்டுவதும், விழுகிற தூளை விரலால் தொட்டு நயம் பார்ப்பதும், சிக்கரி கலப்பதும் அவள்தான். ரேஷன் கார்டு எழுத, மக்கள்தொகை எடுக்க, ஓட்டு லிஸ்ட் சரிபார்க்க என்று யாராவது வந்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வருவாள். கடையின் பக்கச் சுவருக்கு வருவாள். அதை ஒட்டிய சந்து வழியாகத்தான் பின்கட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். அந்தச் சுவர் முழுக்கக் கம்பெனி விளம்பரம். மேலே கொழுக்கட்டை, நடுவில் இராஜசிகரம், கீழே ஆள் நெஞ்சு உயரத்தில் கடைசி வரி: 'உரிமை பெற்ற விற்பனையாளர் ப. ஜெகநாதன்.' ராஜம்மாள் அதில் விரலை வைப்பாள்.

"தோ, எழுதிகீது பாருங்க."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விரல் 'ஜெ'யின் மேல்தான் போய் உட்காரும். ஒரு நாளும் தவறியதில்லை. உள்ளே தராசுப் பக்கம் நின்றுகொண்டிருக்கும் ஜெகநாதன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் விரல் பதில் சொல்லிவிட்டிருக்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனதில், தன் பெயரைத் தானே சொல்லும் வழக்கம் அவருக்கு விட்டுப்போயிற்று. சொல்லவேண்டிய சந்தர்ப்பமும் வரவில்லை.

வறுத்த காபிக்கொட்டையில் எண்ணெய் உண்டு. ராஜம்மாளின் தலையிலும் எண்ணெய் உண்டு. அவள் விரல் பட்டுப் பட்டு 'ஜெ' முதலில் மங்கியது. பிறகு பெயிண்ட் தேய்ந்து உதிர்ந்தது. அதன் பிறகு விரல் நேரே காரைச் சுவரிலேயே பட, சுவர் அந்த எண்ணெயைக் குடித்துக்கொண்டது. ஒரு மழைக்காலத்தில் மஞ்சள்காமாலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது, அந்த இடத்தில் ஓர் எட்டணா அகலத்துக்குப் பழுப்புக் கறை இருந்தது. அதற்கு வலப்பக்கம் 'கநாதன்' மட்டும் இருந்தது. விளம்பரத்தை வரைந்த வேலு, எழுத்தைச் சும்மாவே சரிசெய்து தருகிறேன் என்றான். அவன் சும்மா எதையும் செய்கிறவன் இல்லை, துக்கத்துக்காகச் சொன்னான். ஜெகநாதன் வேண்டாம் என்றுவிட்டார்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் கழித்து, எண்பத்து மூன்றில், கடையின் குத்தகை முடிந்தது. இடம் ரைஸ் மில் அருணாச்சலத்துக்குச் சொந்தம். கம்பெனி அவரிடம் குத்தகைக்கு எடுத்து, ஜெகநாதனுக்கு ஏஜென்சி கொடுத்து நடத்திவந்தது. அருணாச்சலம் இனி அந்த இடத்தில் கண்ணாடி வைத்துப் பட்டுச் சேலை விற்கப்போவதாகச் சொன்னார். தெருவுக்கு நாலு வீட்டில் பட்டு நெய்கிற ஊரில் பட்டு விற்பது என்ற யோசனை தனக்கு மட்டும்தான் தோன்றியது என்பதுபோலச் சொன்னார். கம்பெனியும் வற்புறுத்தவில்லை. பின்கட்டு வாடகை ஜெகநாதனின் சொந்த விவகாரம் என்பதால் அவர் வீடு மட்டும் தப்பியது.

கடை போகப்போகிறது என்றதும் ஜெகநாதன் கேட்டது ஒன்றுதான். பக்கச் சுவரில் அந்தக் கடைசி வரியை அப்படியே விட்டுவிட வேண்டும். அருணாச்சலத்திடம் கேட்டார். சந்துப் பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, கம்பெனியைக் கேளுங்கள் என்றார் அவர்.

கம்பெனி, வீரபாகு என்பவரின் உருவத்தில் மே மாதத்தில் வந்து இறங்கியது. அந்த வெயிலில் அவர் டை கட்டியிருந்தார். ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவரை நடந்து வந்ததில் அது ஒரு பக்கமாகத் திரும்பித் தோளில் கிடந்தது. தன் பதவி 'அடையாள நீக்க மேற்பார்வையாளர்' என்று அறிமுகம் செய்துகொண்டார். ஏஜென்சி முடிந்த ஊர்களுக்கெல்லாம் போய்க் கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் ஒன்று விடாமல் அகற்றுவது அவர் வேலை. நம்முடைய பெயர் நம் அனுமதி இல்லாமல் ஓர் ஊரில் தங்கிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். ஜெகநாதனுக்குத் தெரியவில்லை. வீரபாகுவும் சொல்லவில்லை.

முதலில் கடைக்குள் இருந்தவை போயின. இரும்புத் தகட்டு போர்டு, அரவை மிஷினில் பதித்த பித்தளைப் பட்டை, கண்ணாடியில் ஒட்டியிருந்த மலை. பிறகு வீரபாகுவின் பார்வை தெருவுக்குப் போனது. அங்கேதான் அவருக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. டீக்கடையில் சில்லறை போட்டு வைத்திருந்தது இராஜசிகரம் டப்பா. சலூன் கண்ணாடியின் தலையில் இராஜசிகரம். பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த பூங்காவனம் பட்டு இழை சுற்றிய கட்டைகளைப் போட்டு வைத்திருந்ததும் கம்பெனியின் பெரிய டப்பாதான். வீரபாகு வாசலில் நின்று விஷயத்தை விளக்கினார். கம்பெனியின் பெயர் கம்பெனியின் சொத்து என்றார். பூங்காவனம் தறியைவிட்டு எழுந்திருக்காமலே முழுதாகக் கேட்டாள்.

"பேரு உங்களுதுன்னா சொரண்டி எடுத்துகினு போங்க சார். டப்பாவ வெச்சிட்டுப் போங்க."

வீரபாகு டப்பாவை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அப்போது எதிரே வேலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஸ்டாப் பெயரைச் சொன்னார். அது என்ன கொழுக்கட்டை என்று வீரபாகு ஜெகநாதனைக் கேட்டார். ஜெகநாதன் தயங்கி, சுவரில் இருந்த மலையைக் காட்டினார். வீரபாகு மலையைப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார். அதற்குப் பிறகு அவரால் அதை மலையாகப் பார்க்க முடியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வேலை முடியும்வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சுவரை அழிக்க வேலுவையே கூப்பிட்டிருந்தார்கள். வேலுவைப் பெயிண்டர் என்று கூப்பிட்டால் காதில் விழாது, ஆர்ட்டிஸ்ட் என்றால் விழும். சென்னையில் சினிமா பேனர் வரைகிற இடத்தில் கொஞ்ச நாள் இருந்தான். ஒரு கதாநாயகியின் இடது கண் முழுக்கத் தன் கைவண்ணம் என்று சொல்வான். கொழுக்கட்டையை அவன் கொழுக்கட்டை என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வரைந்த கையாலேயே அழிக்கச் சொல்கிறார்களே என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் முறையிட்டுக்கொண்டே ஏணியைச் சாய்த்தான்.

மலை போயிற்று. கதிர்கள் போயின. தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அவன் கீழே இறங்கி வர வர ஜெகநாதன் சந்து முனையில் வந்து நின்றுகொண்டார். 'இராஜசிகரம்' பாதி அழிந்திருந்தபோது வீரபாகுவின் பக்கத்தில் போய், மெல்லக் கேட்டார்.

"அந்தக் கடைசி வரிய மட்டும் வுட்டுடலாமுங்களா?"

வீரபாகு வரியைப் படித்தார். விற்பனையாளர் என்று இருக்கிறது, இனி நீங்கள் விற்பனையாளர் இல்லையே என்றார். அதை அழித்துவிடுங்கள், பெயர் மட்டும் இருக்கட்டும் என்றார் ஜெகநாதன். அதில் முதல் எழுத்தே இல்லையே, இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்றார் வீரபாகு.

"பேரு என்னுதுங்க" என்றார் கடைசியில்.

"பேர் உங்களுதுதான். நான் இல்லேன்னு சொல்லல. எழுத்து கம்பெனி எழுத்து. பச்சைல மஞ்சள், இந்த வளைவு, இதெல்லாம் எங்க டிசைன்."

"சொவுரு அருணாச்சலம் மொதலாளிது" என்றான் வேலு ஏணியிலிருந்து. யாரும் அவனைக் கேட்கவில்லை.

ஜெகநாதன் சண்டை போடத் தெரிந்தவர் இல்லை. கையை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். அது பணிவாகவும் தெரிந்தது, சுவரை மறைப்பதாகவும் தெரிந்தது. வேலு ஏணியிலிருந்து இறங்கி வந்து, "கொஞ்சம் தள்ளுங்க கொழுக்கட்டைக்காரே" என்றான். அவர் தள்ளினார்.

உப்புத்தாள் ஒரு நீளம் போய் ஒரு நீளம் வந்ததில் கடைசி வரி போயிற்று. சுண்ணாம்பு ஒரு பூச்சுப் பூசி முடித்ததும் வேலு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அப்போதுதான் வீரபாகு கவனித்தார். சுவரின் கீழ் மூலையில் பிரஷ் படமும் அதன் பக்கத்தில் 'வேலு ஆர்ட்ஸ், ஆரணி' என்ற எழுத்தும் அப்படியே இருந்தன. சுண்ணாம்பு அதைச் சுற்றி அழகாக வளைந்து போயிருந்தது. இதை ஏன் விட்டாய் என்று கேட்டார்.

"அது கம்பெனி பேரா சார்?"

இல்லை என்று வீரபாகு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்புறம் இன்னாத்துக்குப் பேஜாரு" என்று சொல்லிவிட்டு வேலு போய்விட்டான். தன் கையெழுத்தைத் தானே அழிக்கிற ஆர்ட்டிஸ்ட் உலகத்தில் உண்டா என்று பிறகு ஊரெல்லாம் கேட்டான். ஆரணியைப் பொறுத்தவரை இல்லை.

வீரபாகு ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். சுவர் வெயிலில் காய்ந்து வெள்ளைவெளேர் என்று இருந்தது, ஓர் இடத்தைத் தவிர. கடைசி வரி இருந்த உயரத்தில், வேலுவின் கையெழுத்துக்கு நேர் மேலே, எட்டணா அகலத்தில் ஒரு பழுப்புக் கறை மேலே வந்திருந்தது. சட்டியில் மீதம் இருந்த சுண்ணாம்பை எடுத்து, டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, அவரே ஒரு பூச்சுப் பூசினார். அது காய்ந்தது. கறை வந்தது. இன்னொரு பூச்சு. எண்ணெயைக் குடித்த சுவர் அதை மறக்க மறுத்தது. வீரபாகுவின் டையில் சுண்ணாம்பு, புருவத்தில் சுண்ணாம்பு. கம்பெனியின் பெயரை இத்தனை ஊர்களில் அழித்தவர், பெயரே இல்லாத ஒன்றிடம் மாட்டிக்கொண்டார்.

இது என்ன என்று கேட்டார். குரலில் மேற்பார்வை குறைந்திருந்தது.

"வூட்ல அவ கை வெக்கிற எடங்க" என்றார் ஜெகநாதன்.

"எங்க அவங்க?"

"இல்லீங்க இப்ப."

வீரபாகு பிரஷ்ஷைச் சட்டியில் போட்டார். கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றார் ஜெகநாதன். அப்படியானால் சரி என்றார் வீரபாகு. ஜெகநாதன் உள்ளே போய், கடையின் கடைசித் தூளில் ஒரு டம்ளர் காபி கலந்துகொண்டு வந்து நீட்டினார். வீரபாகு சங்கடத்தோடு மறுத்தார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை, டாக்டர் விடச்சொல்லிப் பல வருஷம் ஆகிறது என்றார். பிறகு கொழுக்கட்டை ஸ்டாப்பில் நின்று பஸ் ஏறிப் போனார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது எங்கே ஏறினீர்கள் என்று கேட்டிருப்பார். அவர் என்ன சொன்னாரோ தெரியாது.

ஜெகநாதன் அந்தக் காபியைத் தானே குடித்துவிட்டு, சுவருக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றார். கேட்டது வரி, கிடைத்தது கறை. அவர் அதிருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

அருணாச்சலம் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, 'சில்க் பேலஸ்' என்று விளக்குப் போட்டு எழுதி, திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் வைத்தார். சந்துப் பக்கம் யாரும் வரவில்லை. ஸ்டாப் மட்டும் கொழுக்கட்டை ஸ்டாப்பாகவே இருந்தது. ஆனால் எதிரே பட்டுக் கடையைப் பார்த்த புதுப் பயணிகள் ஏன் அந்தப் பெயர் என்று கேட்க, அந்தக் காலத்தில் இங்கே நல்ல கொழுக்கட்டை கிடைக்குமாம் என்று கண்டக்டரே சொல்ல ஆரம்பித்தார். சிலர் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

கடை இல்லாததால் கொழுக்கட்டைக்காரர் என்ற பெயரும் ஜெகநாதனைவிட்டு மெல்லப் போயிற்று. சில்க் பேலஸ் வேலையாட்கள் அவரைப் பின்கட்டுப் பெரியவர் என்றார்கள். கல்யாணப் பத்திரிகை வருவது நின்றது. காலையில் பூங்காவனம் வீட்டில் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் எழுந்துகொள்வார். தனக்கு மட்டும் காபி போட்டுக்கொள்வார். ஒரு டம்ளருக்கு எவ்வளவு தூள் என்பது, மூட்டைக் கணக்கில் தூள் விற்ற அந்த மனிதருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இரண்டு டம்ளருக்குப் போட்டு, ஒன்று ஆறிப்போகும். அந்த டம்ளரை மூடியே வைத்திருப்பார். சாயங்காலம் கொட்டுவார். சந்து வழியாக வெளியே போகும்போதும் வரும்போதும் சுவரைப் பார்ப்பார். மழை பெய்தால் கறை கொஞ்சம் கறுக்கும். வெயில் அடித்தால் வெளுக்கும். பார்த்துக்கொள்ள அவருக்கு அது ஒன்று இருந்தது.

மறு வருஷம் தேர்தல் வரப்போகிறது என்று ஓட்டு லிஸ்ட் எடுக்கத் தற்காலிகமாக வைத்த ஓர் ஆள் தெருத் தெருவாக வந்தார். வெயிலில் சுற்றிக் களைத்திருந்தார். சந்து முனையில் ஜெகநாதனைப் பார்த்ததும், இந்தப் பின்கட்டு யாருடையது, உங்கள் பெயர் என்ன என்று நின்றபடியே கேட்டார்.

ஜெகநாதன் வாயைத் திறந்தார். அந்தச் சொல்லைக் கடைசியாக எப்போது சொன்னோம் என்று யோசிக்கப் போய், வாய் திறந்தபடியே நின்றது. கை மட்டும் எழுந்து சுவருக்குப் போய், விரல் கறையின் மேல் உட்கார்ந்தது. விரலை வைத்த பிறகுதான் இதுவரை தான் அதைத் தொட்டதே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

வந்தவர் குனிந்து பார்த்தார். சுவரில் எழுத்து என்று இருந்தது ஒன்றுதான்.

"வேலுங்களா?"

"இல்ல. அதுக்கு மேல."

அவர் மேலே பார்த்தார். விரலை எடுக்கச் சொல்லியும் பார்த்தார்.

"மேல ஒண்ணியும் காணமேங்க."

"கீது" என்றார் ஜெகநாதன்.

வந்தவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பெரியவர் மேற்கொண்டு எதுவும் சொல்கிறவராகத் தெரியவில்லை. தெருவில் இன்னும் பாதி வீடு பாக்கி இருந்தது. எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

தேர்தல் அன்று ஆர்ட்டிஸ்ட் வேலுவுக்கு அவன் வீட்டு முகவரியில் ஒன்று, சில்க் பேலஸ் பின்கட்டில் ஒன்று என இரண்டு இடத்தில் ஓட்டு இருந்தது. ஊர் தன் கலைக்குத் தந்த அங்கீகாரமாக அவன் அதை எடுத்துக்கொண்டான். ஜெகநாதனுக்கு ஓட்டு இல்லை. ஒரு வார்த்தை போய்ச் சொன்னால் சேர்த்துவிடுவார்கள், போய்விட்டு வாருங்கள் என்று பூங்காவனம் தறியில் இருந்தபடி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் போகவில்லை. போனால் முதலில் பெயரைக் கேட்பார்கள். அந்தச் சுவர் அங்கே இருக்காது.